பதினைந்து நாளில் முகீம். முப்பது ஆண்டானாலும் வெளியூரா?





சென்ற மாதம் ஒருநாள், மஃக்ரிபுக்குப் பின் நடக்கும் மதரஸா வகுப்பில் பயணத் தொழுகையின் சட்டங்களைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஓர் ஊருக்குச் சென்ற பயணி, அங்கே பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்குவதென்று நிய்யத் வைத்துவிட்டால், ஹனஃபி மத்ஹபின்படி அவர் முஸாஃபிர் அல்லர்; முகீம் ஆகிவிடுகிறார். நான்கு ரக்அத் தொழுகையை அவர் சுருக்காமல் முழுமையாகத் தொழ வேண்டும். ஜும்ஆவும் அவர்மீது கடமையாகிவிடும். இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுமாறு சொன்னபோது, பின்வரிசையில் இருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கையைத் தூக்கினான்.

“ஹஜரத், நாங்க இங்க வந்து நாலு வருசமாச்சு. எங்கள மட்டும் ஏன் இன்னும் வெளியூர்க்காரங்கன்னு சொல்றாங்க?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய அத்தா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். பொதுமுடக்கக் காலத்திற்குப் பின் அங்கே வேலை குறைந்துபோனதால், குடும்பத்தோடு கன்னிவாடிப் பக்கம் வந்து, கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு வருகிறார். ஐந்து வேளையும் ஜமாஅத்தில் நிற்பவர். ஆனாலும் அவரைக் குறித்துப் பேசும்போது பெயரைச் சொல்பவர்கள் குறைவு. “அந்தத் திருப்பூர்க்காரர்” என்றே சொல்கிறோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. நான் தர வேண்டியிருந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இது அவனுக்கு மட்டுமன்று, நம் ஜமாஅத்துகளுக்கும் உரிய பதில்.

கடமையில் ஊர்க்காரர், உரிமையில் வெளியூர்

மார்க்கச் சட்டம் இவ்விஷயத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள். ஷாஃபிஈ மத்ஹபில் நுழையும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள். அவ்வளவு தங்குவதென்று எண்ணிவிட்டாலே பயணியின் சலுகை போய்விடுகிறது. அது தற்காலிகமாகத் தங்குமிடம், வதனுல் இகாமத். இன்னும் ஒருபடி மேலே போய், ஒருவர் தம் குடும்பத்தோடு ஓரிடத்தில் நிலையாக வாழ்வதென்று முடிவெடுத்துவிட்டால், அதுவே அவருடைய வதனுல் அஸ்லி, அதாவது சொந்த ஊர் ஆகிவிடுகிறது என்று ஹனஃபி ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். சொந்த ஊர் என்பதற்குப் பாட்டனாரின் கபர் அங்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எந்த இமாமும் விதிக்கவில்லை.

நாம் விதித்திருக்கிறோம். நம் மாநிலத்தின் பல மஹல்லாக்களில் நடைமுறை எப்படி இருக்கிறது? புதிதாக வந்தவர் சந்தா கொடுக்கலாம். பள்ளிவாசல் கட்டட நிதி கொடுக்கலாம். ரமளானில் ஒருநாள் நோன்புக் கஞ்சிச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், தலைக்கட்டுப் பதிவேட்டில் அவர் பெயர் இராது. பொதுக்குழுவில் பேச எழுந்தால், “நீங்கள் உங்கள் ஊரில் போய்ப் பேசுங்கள்” என்ற சொல் வரும். மகளுக்கு நிக்காஹ் என்றால் பூர்வீக ஊர் ஜமாஅத்திலிருந்து கடிதம் வாங்கி வர வேண்டும். அந்தப் பூர்வீக ஊரிலோ, “நீங்கள் இங்கே வரி கொடுத்து எத்தனையோ வருடமாகிறதே” என்பார்கள். இரு ஊருக்கும் நடுவில் அந்தக் குடும்பம் நிற்கிறது. இறைவன் முன்னிலையில் முகீம் என்று எழுதப்பட்டவர், நம் ஏட்டில் முஸாஃபிராகவே இருக்கிறார்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்காக, நான் கண்ட ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இளம் வயதில் வேறொரு மாவட்டத்தில், ஒரு சிற்றூரில் ஓதிக்கொடுக்கும் பணியில் இருந்தேன். அங்கே மகன் வீட்டோடு குடியேறியிருந்த முதியவர் ஒருவர் காலையில் வஃபாத்தானார். லுஹரிலோ அஸரிலோ முடிந்திருக்க வேண்டிய அடக்கம் அது. மையவாடியில் குழி வெட்டுவதற்கு முன், “இவர் எந்த ஜமாஅத்? கடிதம் இருக்கிறதா?” என்ற பேச்சு எழுந்தது. தொலைபேசியில் விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள். ஜனாஸா வீட்டில் இருக்க, மகன் பள்ளிவாசல் வாசலில் பெரியவர்கள் முன் கைகட்டி நின்றார். இஷாவுக்குப் பிறகுதான் அடக்கம் நடந்தது. ஜனாஸாவைத் தாமதப்படுத்தாமல் விரைவுபடுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதை நான் அறிந்திருந்தேன். அன்று எழுந்து சொல்லவில்லை. வந்து ஆறே மாதம் ஆகியிருந்த எனக்கு, நானும் வெளியூர் ஆள்தானே என்ற அச்சம். அந்த மௌனத்தின் கனம் இன்றும் என்மீது இருக்கிறது.

முதலில் வந்தவர் யார்?

“நாங்கள் காலங்காலமாக இங்கே இருப்பவர்கள்” என்று சொல்லும்போது சற்று நிதானிக்க வேண்டும். நம் திண்டுக்கல் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கன்னிவாடி, மதுரை நாயக்கர் ஆட்சிக் காலத்துப் பாளையங்களில் ஒன்று. அதை ஆண்ட குடும்பத்தார் தெலுங்கு பேசிய நாயக்கர்கள். அவர்களின் முன்னோரும் வடக்கிருந்து வந்தவர்களே. இன்றும் இவ்வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு, வெளியே தமிழில் வாழும் மக்கள் ஏராளம்.

நம் சமுதாயத்தின் நிலையும் அதுதான். 1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் இங்கே மறைந்து, இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பேகம்பூர் என்ற பெயர் அந்த அம்மையாரை நினைவுபடுத்துவது. மைசூரிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் பெயரை ஊரின் ஒரு பகுதிக்கே இட்டு, அதை நம் அடையாளமாகப் பெருமையோடு சொல்கிறோம். உருது பேசும் குடும்பங்கள் ஒரு காலத்தில் வந்தன; இராவுத்தர் குடும்பங்கள் ஒரு காலத்தில் வந்தன; தோல் பதனிடும் தொழிலை நாடிப் பல ஊர்க்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் வந்தவர்களே. சிலர் முந்திய பேருந்தில் வந்தோம். சிலர் பிந்திய பேருந்தில் வருகிறார்கள். இருக்கை கிடைத்துவிட்டது என்பதற்காக நின்றுகொண்டு வருபவரை இறங்கச் சொல்ல முடியாது.

மதீனா காட்டிய வழி

இடம்பெயர்ந்து வாழ்வதைப் பற்றி நமக்குப் பாடம் வேண்டுமென்றால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நம் ஆண்டுக் கணக்கே ஓர் இடப்பெயர்விலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால், ஹிஜ்ரத்தை நாம் மேடைகளில் சொல்லும்போது, எல்லாம் ஒரே நாளில் இனிதாக முடிந்துவிட்டதைப் போலச் சொல்லிவிடுகிறோம். ஹதீஸ் நூல்களைத் திறந்தால் அப்படி இல்லை.

மக்காவாசிகள் வணிகர்கள், மதீனாவாசிகள் பேரீச்சந்தோட்ட விவசாயிகள். மதீனாவின் காற்றும் நீரும் வந்தவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். காய்ச்சல் சற்றுத் தணிந்தபோதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கே முளைக்கும் புல்லையும் நினைத்து ஏங்கியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தம்மை வெயில் மணலில் கிடத்தி வதைத்த ஊர் அது! அந்த ஊரையும் மனம் தேடியது. அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பது போல, அல்லது அதைவிட அதிகமாக மதீனாவின்மீது எங்களுக்கு நேசத்தைத் தா என்று அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். பழைய ஊரை நினைப்பது ஈமானுக்குக் குறைவன்று. புதிய ஊரை நேசிக்கக் கற்றுக்கொள்வதற்கு முயற்சியும் துஆவும் தேவை. இவ்விரண்டும் இந்த ஒரு செய்தியிலேயே இருக்கின்றன.

ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் சகோதரர்களாக இணைக்கப்பட்டதை நாம் அறிவோம். ஸஅது (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி), அல்லாஹ் உமக்கு பரக்கத் செய்வானாக என்று வாழ்த்திவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பனூ கைனுகாஉ சந்தைக்கு வழி காட்டப்பட்டது. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று மாலையில் திரும்பினார்கள். சில காலத்திலேயே மதீனாப் பெண் ஒருவரை மணமுடித்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா விருந்து கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. ஊர்க்காரர் பாதியைத் தரும் மனத்தோடு இருந்தார். வந்தவர் பாதியை வாங்காத மனத்தோடு இருந்தார். இருவரில் ஒருவர் மாறியிருந்தாலும் அந்தச் சகோதரத்துவம் கசந்திருக்கும்.

தோட்டங்களின் விஷயமும் அப்படியே. தங்கள் பேரீச்ச மரங்களை முஹாஜிர்களுக்குப் பிரித்துக் கொடுக்குமாறு அன்ஸார் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. முஹாஜிர்கள் உழைப்பில் தோள் கொடுப்பது, விளைச்சலில் பங்கு பெறுவது என்று முடிவாயிற்று. பின்னர் கைபர் வெற்றிக்குப் பிறகு முஹாஜிர்களின் கை வளமானபோது, கனி உண்பதற்காக அன்ஸார் இரவலாகக் கொடுத்திருந்த மரங்களை அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். பெற்றதை மறவாமல் திருப்பிக் கொடுத்த அந்த நாணயமும் ஹிஜ்ரத் வரலாற்றின் ஒரு பகுதிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதீனாவுக்கு வந்தபின் நபி (ஸல்) அவர்கள் எழுதச் செய்த உடன்படிக்கையில், மதீனாவின் பழைய குலங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலில் குறைஷி முஹாஜிர்களும் ஒரு தரப்பாக, மற்றவர்களைப் போன்றே பொறுப்புகளோடும் பாதுகாப்போடும் எழுதப்பட்டுள்ளனர். வந்தவர்களின் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு மூன்று தலைமுறை காத்திருக்கவில்லை.

இவ்வளவு செய்த பின்னரும் உரசல் வரவே செய்தது. பனூ முஸ்தலிக் படையெடுப்பின்போது முஹாஜிர் ஒருவருக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் சிறு கைகலப்பு. ஒருவர் “முஹாஜிர்களே!” என்று கூவினார், மற்றவர் “அன்ஸார்களே!” என்று கூவினார். இரண்டும் குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். ஆனால், அணி சேர்ப்பதற்காக அவற்றைக் கூவியபோது, அது அறியாமைக் காலத்து அழைப்பு, நாற்றமெடுக்கும் ஒன்று, அதை விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். “உள்ளூர்க்காரன்”, “பிழைக்க வந்தவன்” என்று நம் வீதிகளில் ஒலிக்கும் சொற்களை அந்தக் கண்டனத்தின் முன் நிறுத்திப் பாருங்கள்.

நம் காலத்து முஹாஜிர்கள்

நம் காலத்தில், நம் மொழி பேசும் முஸ்லிம்களுக்கு நேர்ந்த ஒரு பெரும் இடப்பெயர்வை நாம் போதிய அளவு படிப்பதில்லை. 1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கு மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, நிலம், நகை, கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறினர். அவர்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். அங்கிருந்த முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் வீடுகளையும் திறந்துவிட்டார்கள். உணவு சமைத்துக் கொடுத்தார்கள். அன்ஸார்களின் வரலாறு அங்கே மீண்டும் எழுதப்பட்டது என்றால் மிகையாகாது.

ஆனால் மாதங்கள் ஆண்டுகளாயின. குடிநீர், நிலம், பள்ளிக்கூடத்தில் இடம், கூலி வேலை, அரசு உதவி ஆகிய ஒவ்வொன்றிலும் ஊராருக்கும் வந்தவர்களுக்கும் இடையே மனக்கசப்புத் தோன்றியது. இரு தரப்பும் ஒரே மார்க்கம்; ஒரே தமிழ். எனினும் “அகதி” என்ற பெயர் இருபதாண்டுகள் கடந்தும் போகவில்லை. புத்தளத்திலேயே பிறந்து, யாழ்ப்பாணத்தைக் கண்ணால் காணாத பிள்ளையும் அந்தப் பெயரைச் சுமந்தது. புத்தளத்து மக்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் செய்த உதவியில் பாதியைக்கூட நாம் செய்திருப்போமா என்பது ஐயமே. முதல் நாள் கதவைத் திறப்பதற்கு இரக்கம் போதும். இருபதாம் ஆண்டும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமானால் நியாயமான ஏற்பாடு வேண்டும். புத்தளத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய படிப்பினை இதுவே.

புதிதாக வந்தவர்களுக்கு

ஊராரின் கடமையை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் அது நீதியாகாது. நானும் இங்கே வந்தவன். தென்கடலோரத்து ஷாஃபிஈ ஊர் ஒன்றில் பிறந்து, பதினொரு ஆண்டுகளுக்கு முன் இம்மலையடிவாரத்துக்கு வந்து, ஹனஃபி பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன். நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொன்னால் பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

என் முதல் தவறு அஸர் தொழுகையில் நேர்ந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் அஸர் நேரத்திற்கும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்றின்படியான நேரத்திற்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபாடு உண்டு. தொடக்கத்தில் என் பழக்கப்படி முன்கூட்டியே தனியாகத் தொழுதுவிட்டு, ஜமாஅத் நடக்கும் நேரத்தில் வெளியே நின்றுகொண்டிருப்பேன். என் தொழுகையில் குறையில்லை; ஆனால், நான் வெளியே நின்ற காட்சி, “உங்கள் தொழுகை எனக்கு வேண்டாம்” என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறது. பெரியவர் ஒருவர் தனியே அழைத்து மென்மையாகச் சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. மினாவில் உஸ்மான் (ரலி) அவர்கள் நான்கு ரக்அத் தொழுவித்தபோது, இரண்டே தொழ வேண்டும் என்ற கருத்துடைய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் கருத்தைச் சொன்னார்கள். பின் அணியில் நின்று நான்கும் தொழுதார்கள். பிணங்கிப் பிரிவது தீமை என்று காரணமும் சொன்னார்கள். கருத்தைக் கைவிடாமலே அணியில் நிற்கலாம். வந்த முதல் வாரத்திலேயே ஊரின் பள்ளிவாசலைத் திருத்தப் புறப்படுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கேள்விகளைத் தவறாகப் புரிந்துகொண்டது. “எந்த ஊரு? அத்தா என்ன செய்யறாரு? நிலம் நீச்சு இருக்கா? எத்தனை பிள்ளைக?” என்று டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் கேட்கும்போது, நகரத்திலிருந்து வருபவருக்கு முகம் சுளிக்கத் தோன்றும். கிராமத்தில் அதுவே வரவேற்பு. நம்மை எந்தக் கயிற்றில் கட்டித் தம்மோடு சேர்த்துக்கொள்வது என்று அவர்கள் தேடுகிறார்கள். மனிதர்களை இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று ஸூரத்துல் ஹுஜுராத் சொல்கிறது. அறிந்துகொள்வது இத்தகைய கேள்விகளில்தான் தொடங்குகிறது. பதில் சொல்லுங்கள், திருப்பியும் கேளுங்கள்.

மூன்றாவது, மண்ணை அறிந்தவர் சொல்லைக் கேட்பது. கையில் சேமிப்போடு கிராமத்துக்கு வரும் சிலர், கைபேசியில் பார்த்ததை வைத்து நாற்பது வருடம் உழுதவருக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பேரீச்சை மகரந்தச் சேர்க்கை குறித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதைச் செய்யாமல் விடலாமே என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் சொல்ல, மதீனாவாசிகள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உங்கள் உலக விவகாரங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். அல்லாஹ்வின் தூதரே அவ்வாறு இடம் கொடுத்திருக்க, நாம் எம்மாத்திரம்? எந்த மாதம் கிணற்றில் நீர் இறங்கும், எந்த நாளில் தக்காளியை ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோனால் விலை கிடைக்கும் என்பதெல்லாம் பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியும். அவர் பெயர் முத்துவாக இருக்கலாம், அந்தோணியாக இருக்கலாம். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களைப் போல, சந்தைக்கு வழி கேளுங்கள்.

நான்காவது, அண்டை வீட்டார். கிராமத்தில் நம் பக்கத்து வீடு பெரும்பாலும் மாற்றுமதச் சகோதரருடையது. உறவுள்ள அண்டை வீட்டார், உறவில்லாத அண்டை வீட்டார் இருவருக்கும் நன்மை செய்யுமாறு ஸூரத்துன் னிஸாவில் கட்டளை இருக்கிறது. குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நோன்புக் கஞ்சித் தூக்குவாளி நம் வீடுகளோடு நின்றுவிட வேண்டாம். அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். ஊரில் ஒருவரை “நம்ம ஆள்” ஆக்குவதில் துக்க வீட்டுக்கு ஈடான இடம் வேறில்லை.

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு

பெரியவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. “வருகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரியாது, வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டுரிமை கொடுத்தால், நாளை ஏதோ ஓர் அமைப்பு ஆள் சேர்த்துக்கொண்டு வந்து பள்ளிவாசல் நிர்வாகத்தையே பிடித்துவிடும், பாட்டன்மார் வக்ஃபு செய்த சொத்து என்னாவது?” என்கிறார்கள். இது வெற்று அச்சமன்று. அப்படிப்பட்ட பிணக்குகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், அந்த அச்சம் நிர்வாகத்தைப் பற்றியது. அதற்காக ஜனாஸாவையும் நிக்காஹையும் பிடித்து நிறுத்துவதில் நியாயம் இல்லை. இரண்டையும் பிரித்துவிட்டால் வழி தெரியும்.

மையவாடியில் இடம், நிக்காஹ் நடத்திவைப்பது, பிள்ளைகளுக்கு மதரஸா, ஏழையாயின் ஜகாத், ஃபித்ரா உதவி ஆகியவை குடிவந்த முதல் நாளிலிருந்தே உரியனவாக இருக்கட்டும். இவை முஸ்லிம் என்ற ஒரே தகுதியால் வருபவை. வாக்குரிமையும் நிர்வாகப் பொறுப்பும் ஒரு கால அளவுக்குப் பின் வரட்டும். ஓராண்டோ ஈராண்டோ, ஊர் கூடி முடிவு செய்யலாம். அந்தக் கால அளவு எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத கால அளவுதான் மூன்று தலைமுறையாக நீண்டுவிடுகிறது.

புதுக் குடும்பம் வந்த மாதத்திலேயே நிர்வாகிகள் இருவர் அவர்கள் வீட்டுக்குப் போய், ஸலாம் சொல்லி, பெயர்களைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும். பூர்வீக ஜமாஅத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தால் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். கல்யாண வீட்டிலும் மய்யித்து வீட்டிலும் கேட்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆணுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. நாளைக்கு ஐந்து முறை நாலு பேர் முகத்தைப் பார்க்கிறான். அவனோடு ஊர் மாறி வந்த மனைவிக்கு அதுவும் இல்லை. என் மனைவி இங்கே வந்த முதல் ஆண்டில், மாலையில் வாசற்படியில் அமர்ந்து பேருந்தின் ஊர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், முருங்கைக்கீரையை முறத்தில் எடுத்துவந்து, “தனியா உக்காந்து என்னம்மா பண்றே, சேர்ந்து உருவுவோம் வா” என்று அழைத்த நாளில்தான் எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்பேன். அந்த அம்மா முஸ்லிம் அல்லர். பெண்கள் பயான் நடத்தும் ஜமாஅத்துகள், புதிதாக வந்த பெண்களை வீடு தேடிப் போய் அழைத்துவரும் பொறுப்பை யாரிடமேனும் கொடுக்கலாம்.

இறுதியாக

மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, அது தாம் பிறந்து வளர்ந்த ஊராக இருந்தும், நபி (ஸல்) அவர்கள் அங்கே பயணியாகவே கஸ்ர் தொழுதார்கள். பிறந்த ஊர் பயண ஊராகிவிட்டது. போன ஊர் சொந்த ஊராகிவிட்டது. தங்களை விட்டுவிட்டு அண்ணலார் மக்காவிலேயே இருந்துவிடுவார்களோ என்று அன்ஸார் கலங்கியபோது, என் வாழ்வும் உங்களோடுதான், என் மரணமும் உங்களோடுதான் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். அவ்வாறே மதீனாவுக்குத் திரும்பினார்கள். பதின்மூன்று ஆண்டுகள் தம்மை விரட்டிய ஊரிலன்றி, பத்து ஆண்டுகள் தம்மை ஏந்திய ஊரின் மண்ணிலேயே அடக்கமானார்கள்.

அந்தப் பிள்ளையிடம் மறுநாள் சொன்னேன்: “தம்பி, ஷரீஅத் கணக்கில் நீ இந்த ஊர்க்காரன்தான். எங்கள் கணக்கில்தான் தப்பு இருக்கிறது. அதைத் திருத்தும்வரை நீ கோபித்துக்கொள்ளாமல் தொழ வா.” சரி என்று தலையாட்டினான். ஆனால், ஒரு பத்து வயதுப் பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாம் நாற்பது வயதுக்காரர்கள் சும்மா இருப்பது முறையன்று. அடுத்த பொதுக்குழுவில் இதை எழுப்ப எண்ணியிருக்கிறேன். இம்முறை மௌனமாக இருக்கமாட்டேன், இன்ஷா அல்லாஹ். உங்கள் மஹல்லாவிலும் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்; ஐந்து வேளையும் உங்கள் தோளோடு தோள் நிற்கும் எத்தனை பேருடைய பெயர் அதில் இல்லை என்று எண்ணிப் பாருங்கள்.

யா அல்லாஹ்! நாங்கள் விட்டுவந்த ஊர்களுக்கும் வந்து சேர்ந்த ஊர்களுக்கும் பரக்கத் செய்வாயாக. வந்தவர்களுக்கு அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் தன்மானத்தையும், இருப்பவர்களுக்கு ஸஅது (ரலி) அவர்களின் தாராள மனத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.